மீன்பெட்டியும் வெப்ப சாஸ்திரமும்

உடப்புக் கடற்கரையில் கரைவலை கரையேறியதும், மடியிலிருந்து கொட்டிய மீனைப் பெட்டிகளில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு நொறுக்கிய ஐஸை வாரிப் போடும் கைகளைக் காணும்போதெல்லாம், வெப்ப சாஸ்திரத்தைக் கரும்பலகையோடு முடித்துவிடும் நமது பாடசாலை வழக்கம் எவ்வளவு விசித்திரமானது என்ற எண்ணமே என்னுள் எழுகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி, தன் உஷ்ணநிலை பூச்சியத்திலிருந்து இம்மியும் உயராமலே, உருகுவதற்கு மாத்திரம் சுமார் 80 கலோரி வெப்பத்தை உட்கொள்கிறது என்னும், 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் போதித்த மறைவெப்பத் தத்துவத்தைப் பரீட்சைக்காக உருப்போடும் மாணவனே, குளிர் என்பது ஐஸிலிருந்து புறப்பட்டு மீனுக்குள் புகும் ஒரு வஸ்து என்று மனத்துக்குள் நம்பிக்கொண்டிருக்கிறான். உண்மையில் குளிர் எங்கும் செல்வதில்லை; மீனிலிருந்து வெப்பமே வெளியேறுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் உள்ளிருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறதேயன்றிக் குளிரை உற்பத்தி செய்வதில்லை. இயங்கும் பெட்டியின் பின்புறச் சூட்டை உணர்ந்தவனுக்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை. ஆதலால், விஞ்ஞான உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு வாளி ஐஸையும் ஓர் உஷ்ணமானியையும் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள், உருகும் ஐஸில் மானி பூச்சியத்தில் அசையாது நிற்பதையும், உப்பைக் கலந்ததும் அதற்கும் கீழே இறங்குவதையும் பிள்ளைகள் பிரத்தியட்சமாகக் காணட்டும், சூத்திரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.