பெயர் இழந்தோர்

கொலைஞனுக்குப் பட்டப்பெயர் உண்டு. கொலையுண்டோருக்கோ இயற்பெயரும் இல்லை. துப்புத் துலங்காத தொடர்கொலைகள் பலவற்றின் கதை இதுவே.

1989ஆம் ஆண்டு கல்கத்தா நடைபாதைகளில் உறங்கிய ஏழைகள் பதின்மூவர், ஒருவர்பின் ஒருவராய்க் கல்லால் தலை நசுக்கப்பட்டு மாண்டனர். பத்திரிகைகள் கொலையாளிக்கு ‘ஸ்டோன்மேன்’ எனப் பெயர் சூட்டின. அவன் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. மாண்டோருட் பலரை அடையாளங் காட்டவும் ஆளில்லை. தேடிவர உறவினர் இல்லாதவிடத்துப் பொலிசாருக்கு நூல்முனை ஏது?

1888இல் இலண்டனில் ‘ஜாக் த ரிப்பர்’ என்பானுக்குப் பலியான ஐந்து பெண்களைப் பற்றி ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய ‘த ஃபைவ்’ 2019இல் வெளிவந்தது. அகப்படாத கொலைஞனை அந்நூல் தேடவில்லை. அப்பெண்கள் யார் மகள், யார் தாய், எங்ஙனம் வறுமையில் வீழ்ந்தனர் என்றே ஆராய்கிறது. ஐவருள் மூவர் விலைமாதர் என்பதற்குச் சான்றில்லை என்றும் வாதிடுகிறது.

செக்ரோலில் பெயர் விடுபட்டால் ஒருநாட் கூலி போகும் என்பதைப் பதுளைத் தோட்டத்தார் நன்கறிவர். கொலையுண்டவரின் பெயர் விடுபட்டால் போவது நீதி. மாணவர்களே, இத்தகைய நூலை எடுக்கும்போது, கொன்றவன் யார் என்று கேட்குமுன் மாண்டவர் யார் என்று கேளுங்கள்.