பட்டை பச்சையானால் படித்தாகிவிட்டதா?

ஆன்லைன் படிப்பு விற்கிற ஏதாவது ஒரு தளத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். மாணவரே தன் அறிவைக் கட்டமைக்கிறார், கற்றல் சமூகம் என்றெல்லாம் எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு வீடியோ, கீழே நாலு ஆப்ஷன். சரியானதை அழுத்தினால் பட்டை கொஞ்சம் பச்சையாகும். வாசலில் பியாஜே, வைகாட்ஸ்கி படங்கள், அடுப்படியில் ஸ்கின்னர்.

இப்படிச் சொல்வதுகூட ஸ்கின்னருக்குச் செய்யும் அநியாயம். 1950களில் அவர் உருவாக்கிய கற்பிக்கும் எந்திரத்தில் மாணவன் விடையைத் தானே எழுதணும். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவருக்குப் பிடிக்காது. பார்த்து அடையாளம் காண்பது வேறு, யோசித்து எழுதுவது வேறு என்பது அவர் கட்சி. பொத்தான் அழுத்தும் எந்திரம் அவருக்கும் முந்தைய சிட்னி பிரெஸ்ஸியுடையது, 1920களில் வந்தது. கிளவுடு, ஏஐ என்று இவ்வளவு அலப்பறை பண்ணிவிட்டு நாம் வந்து நிற்கிற இடம் அதுதான்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். வீடியோ ஓடி முடிந்ததை டேட்டாபேஸில் ஒரு வரியாகப் பதிந்துவிடலாம். புரிந்ததா என்பதற்கு அப்படி ஒரு வரி கிடையாது. எனவே டாஷ்போர்டு முதலாவதைக் காட்டும், மீட்டிங்கில் அதற்கே 'கற்றல்' என்று பெயர் வைப்பார்கள். 1.75 வேகத்தில் ஓடவிட்டுக் குளிக்கப் போனவரும் அந்தக் கணக்கில் கற்றவர்தான்.

வேறு மாதிரியும் செய்து பார்த்தார்கள். 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அறிவு என்பது ஆட்களுக்கும் கருத்துகளுக்கும் இடையிலான இணைப்புகளில் இருக்கிறது என்பது அவர்கள் கோட்பாடு. அதனால் மாணவர்களே எழுதினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பதில் சொன்னார். 'மூக்' என்ற பெயரே அந்த வகுப்பை ஒட்டித்தான் பிறந்தது. பின்னால் வந்த கம்பெனிகள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்பாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டன. 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். தலைப்புச் செய்தியானது முதல் எண்தான். அதே அலையில் வந்த உடாசிட்டி, 2013இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்தியது. முதல் சுற்றில், நேரில் நடந்த வகுப்புகளைவிடத் தேர்ச்சி குறைந்தது. அந்த ஆண்டே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

தொலைதூரக் கல்வியில் தூரம் என்பது கிலோமீட்டர் இல்லை என்று மைக்கேல் மூர் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. உரையாடல் குறையக் குறைய தூரம் கூடும், அவ்வளவுதான். 1971இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் என்றதும் எல்லோரும் பிபிசி ஒளிபரப்பைத்தான் சொல்வார்கள். தபாலில் வந்த விடைத்தாளைப் படித்து, எங்கே தடம் மாறியது என்று எழுதித் திருப்பி அனுப்பிய டியூட்டர்களை யாரும் சொல்வதில்லை. வீடியோவுக்கு அந்த வேலை தெரியாது.

'லட்சம் பேருக்கு ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா?' என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது பணக் கேள்வி. அதைப் பணக் கேள்வியாகவே கேளுங்கள் சார், 'சுயவேகக் கற்றல்' என்று பட்டுச் சட்டை போட்டுவிடாதீர்கள்.

கட்டணம் கட்டுமுன் தளத்துக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: நான் எழுதும் விடையை யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் வரும்? பதிலுக்கு வெறும் டிக்கெட் நம்பர் வந்தால் கார்டை பர்ஸுக்குள் வைத்துவிடுங்கள்.