சாவுக்கும் வரிசை வேண்டுமாம்

என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பர் போய் ஆறு வருஷமாகிறது. குடும்ப பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி போன தை மாதம் காலமானார். சித்திரையில் மருமகனும் மாரடைப்பில் போய்விட்டார். வாடகை வேன் ஓட்டியவர், சேமிப்பு ஒன்றும் இல்லை. "மாமா, அப்பா பென்ஷன் எனக்கு வருமா?" என்று பள்ளிக்கூடப் பையனோடு வந்து நின்றாள் மகள்.

வராது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதவையான, விவாகரத்தான மகளுக்கு 25 வயதுக்கு மேலும் குடும்ப பென்ஷன் உண்டு என்று மத்திய அரசு 2004-ல் ஆணை போட்டது. 2007-ல் மணமாகாத மகளையும் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே அவள் விதவையாகியிருக்க வேண்டும். அந்த மருமகன் மார்கழியில் இறந்திருந்தால், குறைந்தபட்சம் 9000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் அவளுக்கு மறுமணம் வரை வந்திருக்கும். சித்திரையில் இறந்தது அவள் குற்றமா?

பென்ஷன் சொத்தல்ல, பெற்றோரை நம்பியிருந்தவருக்குத்தான் என்பார்கள். நானும் ஃபைல் பார்த்தவன்தான், அந்த நியாயம் புரிகிறது. ஆனால் 2017-ல் அவர்களே வளைந்துகொடுத்தார்களே! பெற்றோர் இருக்கும்போது விவாகரத்து வழக்குப் போட்டிருந்தால், தீர்ப்பு அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்தாலும் பென்ஷன் உண்டு. கோர்ட்டின் தாமதத்துக்கு இரக்கம் காட்டலாம், எமனின் தாமதத்துக்குக் காட்டக்கூடாதா? சொந்த வருமானம் 9000-மும் பஞ்சப்படியும் தாண்டினால் கிடையாது என்ற வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. வசதியுள்ளவரை வடிகட்ட அது போதும். இந்தத் தேதிக் கணக்கு எதற்கு?

புருஷன் விட்டுப் போய், கோர்ட் படி ஏறாமல் பிறந்த வீட்டில் இருக்கும் பெண்கள் கதை இன்னும் மோசம். அவர்கள் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. அப்படி யார் வீட்டிலாவது மகள் இருந்தால், மானம் போகும் என்று பார்க்காமல் நீங்கள் இருக்கும்போதே வழக்குப் போடச் சொல்லுங்கள். நம் உயிர்தான் அவளுக்குக் கெடு. குடும்ப விவரப் படிவத்தில் கல்யாணமான மகள் பெயரையும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நம்மில் பலர் விட்டிருப்போம்.

அவளுக்காக நான் எழுதிக்கொடுத்த மனுவுக்கு மூன்றே வரியில் பதில் வந்தது. இப்போது அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.