வரிக்கு வரி வேஷம் கட்டாதீர்கள், பிள்ளைகளே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த வேலை பிழைதிருத்தம். "சார், கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று நீங்கள் அனுப்பும் வேர்டு ஃபைல்கள்தான் என் காலைப் பத்திரிகை. அண்மையில் மூன்று பெரிய ஃபைல்கள் வந்தன. ஒன்று முனைவர் பட்ட ஆய்வேடு. இன்னொன்று ஒரு பள்ளியின் ஆண்டு மலர். மூன்றாவது, நம் சொந்தத்தில் ஒருவர் தொகுத்திருக்கும் குடும்ப வரலாறு. மூன்றிலும் விஷயம் அருமை. ஆனால் மூன்றுக்கும் ஒரே நோய்.

முதல் இயலின் தலைப்பு 16 அளவில், நடுவில். மூன்றாம் இயலின் தலைப்பு 18 அளவில், அடிக்கோட்டோடு இடது ஓரத்தில். ஒரு பத்தி ஸ்பேஸ் பாரை எட்டு முறை தட்டி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. அடுத்தது டேப் வைத்து. புதிய பக்கம் வேண்டுமென்று பதினைந்து என்டர். முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும், பின்னால் எல்லாம் சரிந்துவிடும்.

என் கருத்து இதுதான். நீளமான ஆவணத்தில் எழுத்தின் தோற்றத்தை வரிக்கு வரி கையால் மாற்றக் கூடாது. அதை ஒரே இடத்தில் சொல்லிவைக்க வேண்டும். எழுதத் தொடங்கும் முதல் நாளே, எழுதுகிறவரே அதைச் செய்ய வேண்டும்.

"விஷயம்தானே முக்கியம் சார், அலங்காரம் எதற்கு?" என்று கேட்பீர்கள். இது அலங்காரம் இல்லை. பழைய ஏடுகளில் மூலமும் உரையும் தொடர்ந்து ஓடும். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, எது செய்யுள், எது உரை, எது மேற்கோள் என்று பிரித்தறிவதே பெரும் உழைப்பாக இருந்தது. வாசகருக்கு "இது தலைப்பு, இது மேற்கோள், இது என் சொந்தக் கருத்து" என்று சொல்வது பக்கத்தின் அமைப்புதான். ஒரு இயலில் மேற்கோளை உள்தள்ளி, இன்னொன்றில் தள்ளாமல் விட்டால், அடுத்தவர் கருத்து உங்கள் கருத்தாகப் படிக்கப்படும். ஆய்வேட்டில் அதற்குப் பெயர் வேறு!

நான் சொன்ன ஆய்வேட்டுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படித்த பெண். சமர்ப்பிக்கும் வாரத்தில் நெறியாளர் உள்தலைப்பு எண்களை மாற்றச் சொன்னார். தட்டச்சு செய்த டி.டி.பி. கடைக்காரர் இரண்டு இரவு கண்விழித்து ஒவ்வொன்றாக மாற்றினார். ஆனாலும் பொருளடக்கத்தில் 142 என்றிருந்த இயல், உள்ளே 147இல் தொடங்கியது. ஏடு திரும்பி வந்தது. மறுபடி அச்சு, மறுபடி பைண்டிங், ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. அவளுடைய ஆய்வில் யாரும் குறை சொல்லவில்லை.

இதற்கு மருந்து உங்கள் கணினியிலேயே இருக்கிறது. வேர்டில் 'ஹோம்' பகுதியில் 'ஸ்டைல்ஸ்' என்று ஒரு வரிசை இருக்கும். இயல் தலைப்புக்கு 'ஹெடிங் 1', உள்தலைப்புக்கு 'ஹெடிங் 2', சாதாரணப் பத்திக்கு 'நார்மல்'. மேற்கோளுக்கு நீங்களே ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு தலைப்பின் அளவை மாற்ற நினைத்தால், அந்த ஸ்டைலின் மேல் வலது கிளிக் செய்து 'மாடிஃபை' கொடுங்கள். முந்நூறு பக்கமும் ஒரே நொடியில் மாறும். நம் ஐந்தருவியில் நீர் ஐந்து கிளையாக விழுந்தாலும் மேலே ஓடி வருவது ஒரே ஓடைதானே? மேலே சரிசெய்தால் கீழே எல்லாம் சரி.

தலைப்புகளை இப்படி வைத்தால், 'ரெஃபரன்ஸஸ்' பகுதியில் பொருளடக்கம் தானாகவே கிடைக்கும். அச்சுக்கு முன்னால் 'அப்டேட்' கொடுத்தால் பக்க எண்கள் சரியாகிவிடும். புதிய பக்கத்துக்குக் கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு தட்டு போதும். வேர்டு வாங்க வசதியில்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபிஸிலும், கூகுள் டாக்ஸிலும் இதையே செய்யலாம்.

தமிழில் எழுதும் நமக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பழைய எழுத்துருக்கள். கடைகளில் பாமினி, அலுவலகங்களில் வானவில் என்று ஆளுக்கொரு முறை இருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு மாறினால் தமிழ் காணாமல் போகும். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்றும் பாதி யூனிகோடும் பாதி பாமினியுமாக ஃபைல்கள் வருகின்றன. முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்டைல் வேலை அதன் பிறகு.

இரண்டாவது, எழுத்தின் அளவு. வேர்டு தமிழை 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக வைத்திருக்கிறது. எழுத்துருப் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஓர் இடம், இதற்கு ஓர் இடம். மேலே மட்டும் மாற்றிவிட்டு "தமிழ் மாற மாட்டேங்குதே" என்று புலம்புகிறவர்கள் கீழே உள்ள இடத்தையும் மாற்றுங்கள்.

எழுத்தின் தோற்றத்தைப் போலவே பெயர்களும் ஒரே சீராக இருக்க வேண்டும். குடும்ப வரலாற்றில் 'நெல்லை ஜில்லா', 'தி.வேலி மாவட்டம்', 'தென்காசி மாவட்டம்' மூன்றும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'தென்காசி மாவட்டம்' ஆக்கிவிடலாம் என்று தம்பி ஒருவர் சொன்னார். கூடாது! நம் மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22இல்தான். 1950இல் பிறந்த பெரியப்பாவைத் தென்காசி மாவட்டத்தில் பிறக்கவைத்தால் வரலாறு பிழையாகிவிடும். பழைய செய்திக்குத் திருநெல்வேலி மாவட்டம், இன்றைய முகவரிக்குத் தென்காசி மாவட்டம் என்று விதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மலரில் 'பேரருவி' ஒரு பக்கம், 'மெயின் பால்ஸ்' மறுபக்கம் என்றால், வெளியூர்க்காரர் இரண்டு அருவி என்றல்லவா நினைப்பார்?

"டி.டி.பி. அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைப்பவர். உங்கள் கட்டுரையில் எது தலைப்பு, எது உள்தலைப்பு என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை. அது எழுதுகிறவரின் சிந்தனை வேலை. உள்தலைப்பு எங்கே வரும் என்று தெரியவில்லையென்றால், கட்டுரை இன்னும் உங்கள் மனதில் ஒழுங்காகவில்லை என்று பொருள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி வகுப்பில் எழுத்துக்கு வண்ணம் பூசக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை ஸ்டைல் வைத்து அமைக்கச் சொல்லுங்கள். ஒரு பீரியட் போதும். கல்லூரியில் இருப்பவர்கள், ஆய்வு மாணவர் முதல் இயலைத் தொடங்கும் முன்பே துறையின் மாதிரி ஃபைலைக் கையில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் விதியைச் சொல்வது நியாயமில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்றிரவே ஃபைலைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நீங்கள் தட்டிய ஸ்பேஸ், என்டர் எல்லாம் புள்ளியும் குறியுமாகத் தெரியும். எத்தனை என்று எண்ணிப் பார்த்துக் கமெண்டில் சொல்லுங்கள். திருத்தத் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் சார், தென்காசி.