மரவேலிக்குப் பெயிண்ட்: பொங்கலுக்கு வேண்டாம், மாங்கனிக்கு அடிக்கலாம்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, பிறகு குத்துதே குடையுதே என்று புலம்பிய ஆளைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கடலோர ஊரில் மரவேலி போட்டு, அதற்குப் பெயிண்டும் அடித்தவர்களுக்கு அந்தப் பழமொழியின் முழு அர்த்தமும் இரண்டாவது வருடமே புரிந்துவிடும்!

காரைக்காலுக்கு வடக்கே இருக்கிறது வரிச்சிக்குடி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும், கிழக்கே கடல். இந்தப் பக்கத்தில் வேலி என்றாலே கிளுவை, பூவரசு, மூங்கில் படல், அதுவும் இல்லாவிட்டால் கருவேல முள். இவற்றுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க யாரும் நினைத்ததில்லை. ஆனால் வீட்டுக்கு முன்னால் நாலு ரோஜாச் செடி வைத்ததும், சுற்றி வெள்ளை நிறத்தில் ஒரு மரவேலி இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை வந்துவிடுகிறது. பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பங்கள் நிறைந்த பகுதி வேறு. அங்கிருந்து வருகிற போட்டோக்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசையில் தப்பே இல்லை. தப்பு கணக்கில் இருக்கிறது. காலண்டரிலும் இருக்கிறது.

முதலில் கணக்கு.

அறுபது அடி நீளம், நாலு அடி உயரத்துக்கு ஒரு ரீப்பர் வேலி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 240 சதுர அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 480. நடுவில் இடைவெளி இருக்கிறதே என்று கழிக்க வேண்டாம். ஒவ்வொரு ரீப்பருக்கும் பக்கவாட்டு விளிம்பு இருக்கிறது, கழித்தது அங்கே வந்துவிடும். சொரசொரப்பான மரத்தில் ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டிங்குக்கு 80 சதுர அடி வரும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கோட்டிங்குக்கு 6 லிட்டர். பிரைமர் ஒரு கோட்டிங், எனாமல் இரண்டு கோட்டிங். ஆக பிரைமர் 6 லிட்டர், எனாமல் 12 லிட்டர்.

பிரைமர் லிட்டர் 250 ரூபாய், எனாமல் 350 ரூபாய் என்று போட்டால் 1500 + 4200 = 5700 ரூபாய். உப்புத்தாள், பட்டி, தின்னர், பிரஷ் எல்லாம் சேர்த்து ஓர் ஆயிரம். இரண்டு பேர் நாலு நாள் வேலை, நாள் கூலி 900 என்றால் 7200. மொத்தம் 13,900. விலையும் கூலியும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் கூலி பாதிக்கு மேல் போகிறது என்பது பெரிதாக மாறாது. ஒவ்வொரு ரீப்பரையும் நாலு பக்கமும் தேய்க்க வேண்டும், நாலு பக்கமும் பூச வேண்டும். சுவர் மாதிரி ரோலரை வைத்து இழுத்துவிட்டுப் போக முடியாது.

மார்க் ட்வைன் 1876-ல் வெளியிட்ட நாவலில், வேலிக்கு வெள்ளையடிக்கிற வேலையை டாம் சாயர் ஊர்ப் பையன்கள் தலையில் கட்டிவிட்டு, அவர்களிடமே காணிக்கையும் வாங்கிக்கொள்வான். வரிச்சிக்குடியில் அந்த வித்தை பலிக்காது. கூலி கொடுத்தே ஆகவேண்டும்!

கூலியைக் குறைக்க எல்லோரும் செய்வது என்ன? "உப்புத்தாள் எல்லாம் வேண்டாம் தம்பி, பிரைமரும் வேண்டாம், நேராகப் பெயிண்டை அடிச்சு விடு" என்பார்கள். பிரைமர் 1500, தேய்க்கிற இரண்டு நாள் கூலி 3600, ஆக 5100 மிச்சம். செலவு 8800-ல் முடிந்துவிடும். ஆனால் தேய்க்காத மரத்தில் பெயிண்ட் பிடிக்காது. ஒரு மழைக்காலம் போனால் உரியும். ஒழுங்காக அடித்தது மூன்று வருடம் தாங்கி, இது வருடத்துக்கு ஒரு முறை கேட்டால், மூன்று வருடச் செலவு 26,400 ரூபாய். மிச்சம் பிடித்தவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறார்.

அடுத்தது காலண்டர்.

வீட்டுக்கு வெள்ளை, கேட்டுக்குப் பெயிண்ட், மாட்டுக் கொம்புக்கு வர்ணம் எல்லாமே இங்கே பொங்கலை ஒட்டித்தான். சுவருக்கு அது சரியாக இருக்கலாம். மரத்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. காரைக்கால் கரையில் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. மரம் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு நிற்கும். மார்கழியில் பனி வேறு. அந்த மரத்தின் மேல் எனாமலைப் பூசினால், உள்ளே இருக்கிற ஈரத்துக்கு மூடி போட்ட மாதிரி. வெயில் ஏறியதும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். கடைக்காரரைத் திட்டி என்ன பயன்?

பொங்கலுக்குக் கோலமும் கரும்பும் போதும். வேலியை மாசி, பங்குனி வரை வெயிலில் காயவிட்டு அதற்குப் பிறகு அடிக்கலாம். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு ஊரெல்லாம் விருந்தாளி வரும்போது வேலி பளிச்சென்று இருக்கும். உச்சி வெயிலில் அடிப்பதும் கூடாது. காலையில் நிழல் விழுகிற பக்கம், சாயங்காலம் மறுபக்கம்.

முறை என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. உப்புக்காற்றில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர். ஆணித் துளைக்கும் வெடிப்புக்கும் பட்டி. அது காய்ந்தபின் லேசாகத் தேய்த்து, எனாமல் இரண்டு கோட்டிங், கெட்டியாக ஒன்று அடிப்பதற்குப் பதில் மெல்லிசாக இரண்டு. முக்கியமாக, ரீப்பரின் வெட்டுமுனைகள். மரம் தண்ணீர் உறிஞ்சுவது அந்த முனைகள் வழியாகத்தான், பெயிண்டர்கள் அவசரத்தில் விடுவதும் அதைத்தான். ரீப்பர் தரையைத் தொடாமல் நாலு விரற்கடை தூக்கி நிற்க வேண்டும். மண்ணுக்குள் போகிற கால் மரமாக இல்லாமல் கல்லாகவோ கான்கிரீட்டாகவோ இருந்தால் கரையானுக்கும் வேலை இல்லை.

வெள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. கடலோரத்தில் மரப்படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய், அல்லது கடையில் கிடைக்கிற மர எண்ணெய். இவை மரத்துக்குள் இறங்கும், மேலே தோலாக நிற்காது. அதனால் உரியாது, வெளுக்கும். வெளுத்தால் சுரண்டாமல் மேலேயே ஒரு கை பூசிவிடலாம். சுரண்டுகிற கூலி மிச்சம். நிறம் கருப்பாகத்தான் வரும். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை கட்டாயம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய பெயிண்ட்!

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் அதிகமாக இருக்கலாம். பழைய கதவு, ஜன்னல் சட்டங்களை அறுத்து வேலிக்குப் போடுகிற வழக்கம் உண்டு. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்கும். பெயிண்டர் சுவாசிப்பார், கீழே விழுந்த தூளில் குழந்தைகள் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பார்கள். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, கீழே பாலிதீன் விரிப்பது, பெயிண்டருக்கு நல்ல முகமூடி வாங்கித் தருவது, அன்றைக்குப் பிள்ளைகளை வேறு வீட்டில் விடுவது... இதற்கெல்லாம் சேர்த்து ஒரு டின் பெயிண்ட் விலைகூட ஆகாது. 13,900 செலவு செய்கிறவர் இதில் மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமே இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், கிளுவை இருக்கவே இருக்கிறது. மழைக்காலத்தில் போத்து ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். நடுவில் ஆடாதொடை வைத்தால் ஆடும் வாய் வைக்காது. புயல் சாய்த்தாலும் துளிர்க்கும். வருடத்துக்கு ஒரு முறை கழித்துவிட்டால் போதும், பச்சை வர்ணத்தை அதுவே அடித்துக்கொள்கிறது. பிரைமர் தேவையில்லை!

மரவேலிதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போடலாம். காசை டின்னில் கொட்டுவதற்கு முன் உப்புத்தாளில் போடுங்கள், பெயிண்டருக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள், மாசி வரை பொறுத்திருங்கள். ஓணான் வேலியிலேயே இருக்கட்டும், மடிக்கு வரவேண்டாம்.