யாருக்கு இது அரிய நோய்?

மூச்சு வாங்குதுன்னு சொன்னா நம்ம தோட்டங்கள்ல கிடைக்கிற பதில் தெரிஞ்சதுதான். ரத்தம் குறைவு, இழுப்பு, பனி ஒத்துக்கல. கூடையோட மலை ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்காதுன்னு ஒரு பகிடியும் சேர்ந்து வரும். அந்த மூச்சுக்குப் பின்னால சில சமயம் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு இருக்கும்.

சின்ன வயசுத் தொண்டை வலியில் ஆரம்பிக்கிற நோய் இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, சில பிள்ளைகளில் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது அதுதான். அது திரும்பத் திரும்ப வந்தால், வருஷங்கள் கழித்து வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாக வாழும் இடங்களில் கிருமி சுலபமா பரவும். ஒரு லயக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். பணக்கார நாடுகளில் இந்த நோய் அபூர்வமாகிப் போச்சு. அதனாலேயே இதை ‘அரிய இதய நோய்’னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சல் வரும்.

வைத்தியம் என்னவோ அருமையானது. ஜப்பானிய வைத்தியர் கன்ஜி இனோவே 1984-ல் வெளியிட்ட முறை. தொடை நரம்பு வழியா மெல்லிய கதீட்டரை இதயத்துக்குக் கொண்டுபோய், இடையிலுள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் போவாங்க. அங்கே வால்வுக்குள்ள பலூனைச் சில நொடிகள் ஊதினா ஒட்டிய இதழ்கள் பிரியும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

ஆனா அதற்கு முன்னால எக்கோ ஸ்கேன் அனுமதி கொடுக்கணும். இதய அறையில் ரத்தக்கட்டி இருந்தா பலூன் ஆபத்து, கட்டி மூளைக்குப் போயிடலாம். வால்வில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தாலும், ரத்தம் நிறையப் பின்னால கசிந்தாலும் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். பிந்தி வந்தவருக்கு பலூன் வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும்.

மலைநாட்டுக்கு கதீட்டர் லேப் வேணும்னு கேட்கிறது தப்பில்ல. கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வலப்பனையிலிருந்து ரிக்கில்லகஸ்கட வழியா பஸ் ஏறினா அன்றைய பேர் போச்சு. இருந்தாலும் என் கணக்குல முதல்ல வரவேண்டியது கையில் தூக்கிப்போகக்கூடிய எக்கோ மெஷின். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிச்சு 2007-ல் வெளியான ஆய்வில், ஸ்டெதஸ்கோப் கண்டுபிடிச்சதைவிட சுமார் பத்து மடங்கு பேரை எக்கோ கண்டுபிடிச்சுது. உகண்டாவில் ஆரம்பக்கட்ட பாதிப்பு இருந்த பிள்ளைகளுக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டாங்க. இரண்டு வருஷத்தில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு. ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம்.

கர்ப்பிணி கிளினிக்குக்கும் அந்த மெஷின் போகணும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி கூடும். அதுவரை சமாளிச்ச வால்வு அப்போதான் முரண்டு பிடிக்கும். அந்த மூச்சுத் திணறலையும் ‘புள்ளத்தாச்சிக்கு சகஜம்’னு விட்டுடுறாங்க.

ஸ்கேனை யார் எடுக்கிறதுன்னு கேட்பீங்க. உகண்டாவில் தாதியருக்கே பயிற்சி கொடுத்து எடுக்க வைச்சிருக்காங்க. எனக்கு உள்ள பயம் வேற. கண்டுபிடிச்ச பிள்ளைக்கு வருஷக்கணக்கா ஊசி போடணும், வலிக்கிற ஊசி. அந்த மருந்து தோட்ட டிஸ்பென்சரியில் எப்போதும் இருக்கணும். பிள்ளையைக் கூட்டிப்போற அம்மாவுக்கு அன்றைக்கு அரைப் பேராவது போடணும்.