மூப்பு நமக்கா, மொழிக்கா?

'மங்கு' என்னும் சொல்லை வகுப்பில் உரைத்ததும் மாணவர் விழிக்கின்றனர். ஆசிரியரோ, "எனக்கு வயதாகிவிட்டது" என்று சிரித்தவாறு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகின்றார். அந்தச் சிரிப்பையே நான் கண்டிக்கின்றேன்.

சுங்கை ஆயர் தாவார் முதல் கோலசிலாங்கூர் வரையிலான தோட்டங்களில், வைகறையிலேயே பெரட்டுக் களத்திற் கூடி, உளியால் இரப்பர் மரப்பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளிகளிற் சுமந்தவர் நம் முன்னோர். இரவில், லயத்து மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஒருவர் 'தமிழ் நேசன்' படிக்க மற்றவர் கேட்டனர். 1924இல் தோன்றிய அந்நாளேடும் 2019இல் நின்றது. இரப்பர்க் காடுகள் செம்பனைக்கு இடம் விட்டன. இவற்றிற்காக அழ வேண்டியதில்லை. அந்த வறுமையை மீண்டும் வேண்டுவார் யார்?

ஆயினும், பொருளோடு சொல்லையும் புதைப்பதேன்? 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேட்'டின் திரிபு. 'லயம்', 'லைன்' என்பதன் திரிபு. ஆகவே இவை கொச்சை என்பர் சிலர். வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்ட மக்களின் வரலாறு அச்சொற்களிலன்றோ உறைந்துள்ளது! அவ்வாழ்வை வாழ்ந்த நாமே எழுதி வைக்காவிடின், தமிழகத்து அகராதியாளரா வந்து எழுதுவர்?

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடம் பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டுப் பொருளுடன் எழுதி வரட்டும். மாணவர்களே! பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். நமக்கு வயதாவது இயற்கை. நம் சொற்கள் நம்மோடு மாய்வது நம் குற்றம்.